அரைப்பேர் போட்டுக்கொண்டவள்

புஷ்பராணி இறந்துவிட்டாள் என்ற செய்தி திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் வந்தது. நான் அப்போது கொழும்புத் தலைமையகத்தோடு காணொளிக் கூட்டத்தில் இருந்தேன். மேசையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. தலாத்துஓயாவிலிருந்து அவளுடைய தம்பி சந்திரன். லீவு சொல்லத்தான் தம்பியை எடுக்கச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்து, கூட்டம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தேன். "அக்கா போயிருச்சுங்க மேடம்" என்றார். எங்கே போனாள் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். அதை இப்போது அழகாக மாற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

சனிக்கிழமை தலைவலி என்று படுத்திருக்கிறாள். ஞாயிறு பகல்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. திங்கள் விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. சனிக்கிழமையே கொண்டு வந்திருக்கலாமே என்று சந்திரனிடம் கேட்டேன். வெறும் தலைவலிக்கெல்லாம் போய் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று அவளே மறித்துவிட்டாளாம். சொல்லியிருப்பாள். தன் சங்கதி எதையும் முழுதாக மதிக்கத் தெரியாத பெண் அவள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய மலர் அச்சடிக்கிறோம், அலுவலகம் சார்பில் நீங்கள் எழுதுங்கள் என்று சந்திரன் கேட்டார். மரியாதையாக 'அவர்' என்று எழுதும்படி இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் 'அவள்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இனிமேல் அது வராது. நீங்கள் அவளை மகளாகவும் அக்காவாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் அறிந்தவர்கள். எனக்கு அவள் எதிர்க் கதிரைக்காரி. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். வெள்ளிக்கிழமை மாலை அவளோடு சண்டை பிடித்திருந்தேன். மிச்சத்தைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்வோம் என்றுதான் விட்டிருந்தேன்.

எங்கள் அலுவலகம் பேராதனை வீதியில், ஒரு பாதணிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒன்பது பேர். பிறர் கேட்கும் மென்பொருள்களை எழுதிக் கொடுப்பது தொழில். நான் வடக்கிலிருந்து படிக்க வந்து, கண்டியிலேயே கல்யாணம் கட்டித் தங்கிவிட்டவள். குழுவுக்கு முகாமையாளராக நான் சேர்ந்தபோது புஷ்பராணி அங்கே ஏற்கெனவே இருந்தாள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் தொடங்கி, கண்டிக்கு வந்து கணினி படித்து, முதுநிலைப் பொறியியலாளர் ஆனவள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு தலாத்துஓயாவுக்குக் குடிவந்து, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருவாள். என்னைவிட அவள் நான்கு மாதம் மூத்தவள். முதல் நாளே என்னை 'அக்கா' என்று கூப்பிட்டாள். பிறந்த தேதியைச் சொல்லி விளக்கினேன். "பரவால்ல அக்கா, நீங்க மேனேஜர் தானே" என்றாள். என் எரிச்சல் அன்றைக்குத் தொடங்கியது.

அந்த எரிச்சல் முற்றியதற்குக் காரணம் மாலைப் படிவம். நாலு வருடத்துக்கு முன் எங்கள் நிறுவனத்தைக் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. வாங்கிய சூட்டோடு ஒரு படிவம் வந்தது. வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் கணினியில் அதைத் திறந்து, இன்று எவ்வளவு பயனுள்ளதாக வேலை செய்தேன் என்று தனக்குத்தானே பத்துக்குப் புள்ளி போட வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தங்களைப் பற்றி உள்ள அபிப்பிராயம் சாதாரணமானதல்ல. இம்ரானுக்கு ஒன்பதுக்குக் குறைந்து ஒரு நாள் கழிந்ததில்லை. அக்குறணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, காதில் ஹெட்போனை மாட்டினால், பகல் சாப்பாடு வரைக்கும் விசைப்பலகைச் சத்தம்தான் கேட்கும். அத்தனை சத்தம் வந்தால் வேலை நடந்திருக்கத்தானே வேண்டும் என்று அவன் நம்பினான். கசுன் எட்டு போடுவான். கூட்டம் ஏதும் இருந்த நாளில் மட்டும், நாள் வீணாகிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏழு போடுவான். நானும் ஒன்பதுதான். என் நாள் முழுக்கவே கூட்டம். அதைத்தான் நான் வேலை என்று நினைத்திருந்தேன்.

புஷ்பராணி நாலு போட்டாள். மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் நாலு. இவள் அப்படி என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று ஒருநாள் காலையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு வந்தேன். வந்து பையை வைக்கிறதுக்குள் இம்ரான் கூப்பிட்டான். அவன் இரண்டு நாளாகத் தேடிய பிழையை, அவன் பின்னால் நின்றபடியே விரலால் காட்டினாள். கசுன் ஒரு பெரிய பகுதியைப் புதிதாக எழுதப் போனான். அது மூன்று வருடத்துக்கு முன்னமே எழுதியது இருக்கிறது என்று தேடி எடுத்துக் கொடுத்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுதது. கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் நின்று அரை மணித்தியாலம் பேசினாள். வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்டாள், அவர் சிரித்துக்கொண்டு வைத்தார். தன் கதிரையில் அவள் தொடர்ந்து இருந்தது நாள் முழுவதும் நாற்பது நிமிடம் இருக்காது. மாலையில் எட்டிப் பார்த்தேன். நாலு.

"உமக்கு விசரே புஷ்பம்? இண்டைக்கு நாலு பேற்ற வேலையை நீர்தானே தூக்கி விட்டனீர்?"

"அவங்க வேலையத்தான அக்கா செஞ்சேன். என் வேலை ஒண்ணும் செய்யலையே."

கடதாசியைக் காட்டினேன். வாசித்தாள். "இதெல்லாம் வந்து போறதுல நடக்குறது" என்று திருப்பித் தந்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள். புதிதாகக் கோட் எழுதினால்தான் அவளுக்கு வேலை. மற்றதெல்லாம் பேச்சு, நடை, இடைஞ்சல். அந்த இடைஞ்சலில்தான் எங்கள் எட்டுப் பேருடைய பிழைப்பும் நடந்தது.

இனி அரைப்பேர்க் கதைக்கு வருகிறேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அதில் என் பங்கை இதுவரை யாரும் எழுத்தில் வைக்கவில்லை, நானே வைக்கிறேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் சில தோட்டங்களைப் பார்க்கும் ஒரு நிறுவனம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பாவிக்க ஒரு மென்பொருள் கேட்டது. தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர், கையால் எழுதும் பட்டியலொன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பெயர், இலக்கம், கிலோ என்று கட்டங்கள். கடைசியில் இரண்டு கட்டம்: ஒன்றின் தலைப்பு 'பேர்', மற்றதன் தலைப்பு 'அரைப்பேர்'. ஆளுக்கொரு சரி அடையாளம், அந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் போட்டிருந்தது.

புஷ்பராணி அப்போது அம்மாவின் கால் சத்திரசிகிச்சைக்காக மூன்று வாரம் லீவில் இருந்தாள். பட்டியலை வாசித்து விளக்கம் சொல்ல வேண்டியவள் நான். பேர் என்றால் பெயர். அரைப்பேர் என்றால் பாதிப் பெயர். முத்துமாரியம்மா, மகாலெட்சுமி என்று நீளமான பெயர்கள் சிறிய திரையில் அடங்காது, ஆகவே சிலருக்குச் சுருக்கிக் காட்டச் சொல்கிறார்கள் என்று குழுவுக்கு விளங்கப்படுத்தினேன். அரைப்பேர்க் கட்டத்தில் சரி அடையாளம் இருப்பவர்களுக்குச் சுருக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்று நானும் நம்பினேன், அவர்களும் நம்பினார்கள்.

மூன்று வாரம் ஐந்து பேர் பெயர் வெட்டினோம். தமிழ்ப் பெயரை நடுவில் வெட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விடும், புள்ளி அந்தரத்தில் நிற்கும். அதற்கு ஒரு தீர்வு. சிங்களப் பெயருக்கு வேறு தீர்வு. ஒரே தோட்டத்தில் நான்கு மகாலெட்சுமிகள் இருந்தால், நால்வரையும் வெட்டியபின் யாரை யாரென்று பிரித்தறிவது? அதற்கு ஒரு முழுக் கிழமை. இம்ரான் அந்த நாட்களில் பத்து போட்டான். கசுன் ஒன்பது. நானும் ஒன்பது போட்டேன், ஒரு நாள் பத்தும் போட்டேன். அலுவலகம் அவ்வளவு உற்சாகமாக வேலை செய்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

லீவு முடிந்து வந்த புஷ்பராணியைக் கதிரையில் இருத்தி, பெருமையோடு காட்டினேன். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். கிளாக்கரின் பட்டியலைக் கேட்டாள். கொடுத்தேன்.

"அக்கா, அரைப்பேருன்னா அரை நாள் சம்பளம். கொழுந்து கிலோ கொறஞ்சா போடுறது. எங்கம்மாவுக்கு எத்தன தடவ விழுந்திருக்கு."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. சொன்ன கிலோ எடுத்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். மலையகத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்தச் சொல், இருபது வருடமாகக் கண்டியில் தமிழ் பேசும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற சொல்லை வைத்துக்கொண்டு, நாங்கள் கொம்பு எங்கே விழுகிறது என்று ஆராய்ச்சி செய்திருக்கிறோம். அவள் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்று முழுவதும் இருந்து, நாங்கள் எழுதியதில் எது எதோடு கோத்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அழித்தாள். இடையில் கிளாக்கரோடு பேசினாள். நிறுக்கிற இடத்தில் கொழுந்தைக் கொட்டுகிற பெண்ணுக்குத் தன் கிலோ தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். தெரியாது, திரை கிளாக்கர் பக்கம்தான் இருக்கும் என்றிருக்கிறார். எண்ணைப் பெரிதாக்கி, எதிரே நிற்கிற பெண்ணுக்கும் தெரியும்படி இன்னொரு திரைக்கு அனுப்ப ஒரு வழி வைத்தாள். பத்து நிமிட வேலை என்றாள். அந்த மென்பொருளை வாங்கிய நிறுவனம் பின்னர் மற்றத் தோட்டங்களுக்கும் அதைக் கேட்டது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

அன்று மாலை அவள் போட்ட புள்ளி இரண்டு. ஏனென்று கேட்டேன். ஒரு வரி கூட எழுதவில்லை, எல்லாம் அழித்ததுதான் என்றாள். அப்படியானால் மூன்று வாரம் பிழையாக எழுதிய எங்களுக்கு ஒன்பது எப்படி வந்தது என்று கத்தினேன். "நீங்க எழுதுனீங்களே அக்கா" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. மாலையில் பையைத் தூக்கும்போது "இன்னைக்கும் அரைப்பேர்தான்" என்பாள். கசுன்கூட, தமிழில் வேறெதுவும் சரியாக வராதவன், அரைப்பேர் அரைப்பேர் என்று சொல்லித் திரிந்தான். அவர்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது கணக்கு.

இத்தனை வருடத்தில் அவள் தனக்கு முழுப்பேர் போட்டதை ஒரே ஒரு நாள்தான் கண்டேன். மின்வெட்டுக் காலம். மத்தியானத்தோடு மின்சாரம் போய், இணையமும் போய், எல்லோரும் குளத்தைச் சுற்றி நடக்கப் போய்விட்டோம். அவளுடைய மடிக்கணினியில் மட்டும் பற்றரி மிச்சமிருந்தது. ஜன்னலோரம் தனியாக இருந்து மூன்று மணித்தியாலம் எழுதியிருக்கிறாள். நாங்கள் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. யாரும் கூப்பிடல அக்கா, இன்னைக்குத்தான் வேலை செஞ்சேன் என்றாள். மறுநாள் மின்சாரம் வந்ததும் ஒன்பது போட்டாள். அன்று அவள் எழுதியது, அறிக்கைகளை வெவ்வேறு நிறத்தில் அச்சடிக்க ஒரு வசதி. எந்த வாடிக்கையாளரும் அதைக் கேட்கவில்லை. இன்றுவரை ஒருவரும் அதைப் பாவித்ததும் இல்லை. நான் அவளிடம் இதைச் சொன்னேன். அதுக்கென்ன, நல்லா எழுதியிருக்கேன் பாருங்க என்றாள். உண்மைதான், நன்றாகத்தான் எழுதியிருந்தாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்ட வேண்டும் போலிருந்தது.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கண்டிக் கிளையில் ஒருவரைக் குறைக்க வேண்டும். யாரைக் குறைப்பது என்பதற்கு மாலைப் படிவத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். கணக்குப் பார்க்கத் தேவையில்லை, யார் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். கண்டியில் இந்தத் தொழிலுக்கு இடம் குறைவு. வேலை போனால் அவள் கொழும்புக்குப் போக வேண்டும், நடக்க முடியாத அம்மாவைத் தலாத்துஓயாவில் விட்டுவிட்டு. இதை அவளிடம் சொன்னேன். இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, நாளையிலிருந்து எட்டு போடும், நான் கேட்கிற ஒரே உதவி இதுதான் என்றேன். பார்க்கிறேன் என்றாள். மறுநாள் ஐந்து போட்டாள். எனக்காக ஒன்று கூட்டியிருக்கிறாளாம்.

பொறுக்க முடியாமல் நான் ஒரு வேலை செய்தேன். முகாமையாளருக்கு மற்றவர்களுடைய படிவத்தையும் திருத்த அனுமதி உண்டு. இரண்டு கிழமை, அவள் வீட்டுக்குப் போனபின், நாலையும் ஐந்தையும் எட்டாக்கினேன். களவு செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பிழையைத் திருத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் எல்லோருடைய பிழையையும் கண்டுபிடிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா? ஆட்கள் தேநீர் குடிக்கப் போன நேரம் என் மேசைக்கு வந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"எங்கம்மா கொழுந்து போட்ட காலத்துல கணக்கப்பிள்ள தனக்கு வேண்டியவங்களுக்குக் கூட்டி எழுதுவாரு. எங்கம்மாவுக்குக் கொறச்சு எழுதுவாரு. ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. என் பேர நான் போட்டுக்கிறேன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் என் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. உம்மட அம்மாவுக்குக் குறைத்து எழுதிய ஆளின் வேலையைத்தானே நீர் இப்ப உமக்குச் செய்கிறீர் என்று கேட்டேன். தன் கதிரைக்குப் போய், நான் மாற்றிய எட்டுகளை எல்லாம் பழையபடி நாலும் ஐந்தும் ஆக்கினாள்.

நான் ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். அரைப்பேர்க் கதையைத் தலைமையகத்தில் முழுவதும் சொன்னேன். ஒன்பதும் பத்துமாகப் போட்டு மூன்று வாரம் பெயர் வெட்டியதை, அதில் நானும் ஒருத்தி என்பதை, இரண்டு போட்டவள் அதைக் காப்பாற்றியதை. அங்கிருந்த அதிகாரி நன்றாகச் சிரித்தார். பிறகு கேட்டார், அவரே தனக்கு நாலு என்று சொல்லும்போது நாங்கள் எப்படி அதற்கு மேல் சொல்வது? நான் வாதாட வாதாட, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவரையும் நிறுத்துவதில்லை. புஷ்பராணியின் முதுநிலைப் பதவியை எடுத்துவிட்டு, உதவிப் பிரிவு என்று புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதில் அவளைப் போடுவது. கதை சொன்ன முகாமையாளரைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வென்ற பேச்சு வரவில்லை. அது போகட்டும்.

செய்தியைச் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். அம்மாவை விட்டுப் போகத் தேவையில்லை, அது போதும் என்றாள். பதவியை எடுத்தது அநியாயம் என்று நான் கொதித்தேன். அவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்றாள். சரி, இனி மற்றவர்களுக்கு உதவுவதுதான் உமது வேலை, இப்போதாவது எட்டு போடலாமே என்றேன். "பேசிக்கிட்டிருக்கிறதெல்லாம் வேலையா அக்கா?" என்று கேட்டாள். அன்று மாலை நாலு.

அந்த வெள்ளிக்கிழமையும் அதுதான் நடந்தது. இம்ரான் திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய வேலை ஒன்று முழுவதும் குழம்பிப் போய், பையன் முகம் வெளிறி இருந்தான். காலையிலிருந்து அவனோடு இருந்து சீராக்கிக் கொடுத்தாள். பகல் சாப்பாட்டுப் பெட்டியை நான்கு மணிக்குத் திறந்தாள். போகும்போது நாலு போட்டாள். படிக்கட்டில் மறித்தேன். உமக்கு உம்மட பெறுமதி தெரியாது, இன்னும் பத்து வருஷம் போனாலும் தெரியப் போறதில்லை என்று பேசினேன். கீழே பாதணிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குப் பேசினேன். "நீங்கதான் கூட்டிக் கூட்டிப் போடுறீங்க" என்று சிரித்துவிட்டு இறங்கினாள். பஸ் போயிடும் என்றாள்.

சாவு வீட்டுக்குத் தொங்கவிட அலுவலகம் சார்பில் ஒரு பனர் அடிக்க வேண்டியிருந்தது. தலைமையகம் வாசகத்தை எழுதி அனுப்பியது. பெயருக்குக் கீழே 'உதவிப் பிரிவு' என்று போட்டிருந்தார்கள். அச்சுக் கடையில்தான் அதைப் பார்த்தேன். பழைய பதவியைப் போடுங்கள் என்றேன். கடைக்கார முஸ்லிம் நானா, அனுப்பியவர்களிடம் கேட்காமல் மாற்ற முடியாது என்றார். சந்திரனுக்குத் தொலைபேசி எடுத்து, என்ன போடுவது என்று கேட்டேன். பதவியெல்லாம் வேண்டாம் என்றார். "அம்மா கேக்குது மேடம், முழுப் பேரையும் போடச் சொல்லி." அவர் சொன்னது வெறும் பெயரைத்தான். பொறுப்பு என்னுடையது என்று கடைக்காரரிடம் சொன்னேன். முத்தையா புஷ்பராணி என்று மட்டும் அடித்தோம். கசுனும் இம்ரானும் தலாத்துஓயாவுக்குக் கொண்டுபோய், ஒழுங்கை வாசலில் மழைக்குள் நின்று கட்டினார்கள்.

அவள் போய் இரண்டு கிழமை ஆகிறது. நேற்றுக் காலை தலைமையகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். படிவம் தொடங்கிய நாளிலிருந்து கண்டிக் கிளையின் சராசரி இவ்வளவு விழுந்ததில்லை, முகாமையாளர் விளக்கம் தர வேண்டும். ஒவ்வொருவருடைய புள்ளியாகத் திறந்து பார்த்தேன். இம்ரான் மூன்று, நாலு, மூன்று. ஒரு பிழையைத் தேடி மூன்று நாள் போயிற்று என்று கீழே எழுதியிருந்தான். கசுன் ஐந்து, நாலு. கடைசியாகச் சேர்ந்த பிள்ளை இரண்டு. அது கழுவுமிடத்தில் தனியாக நின்று அழுததை நானே கண்டேன். போய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை. என்னுடையதும் நாலு. வாடிக்கையாளர் ஒருவர் கத்தியபோது நானும் திருப்பிக் கத்திவிட்டேன்.

நீளமாக ஒரு விளக்கம் எழுதி, அழித்துவிட்டு, புஷ்பராணி இறந்துவிட்டார் என்று ஒரு வரி அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்களாம். ஆனால் அவர் உதவிப் பிரிவில் இருந்தவர், அவருடைய சராசரியும் நாலுதான், அவர் இல்லாதது மற்ற எட்டுப் பேருடைய புள்ளிகளை எப்படிப் பாதிக்கும் என்று விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது நான்கு வருடத்துச் சண்டை ஒன்றுதான். அதில் நான் சொன்னதே சரி. எட்டுப் பேரும் இரண்டு கிழமையாக, தங்கள் கையாலேயே, நாள் தவறாமல் அதை எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை அச்சடித்து வைத்திருக்கிறேன். இதைப் பாரும், இப்போதாவது ஒப்புக்கொள்ளும் என்று கொண்டுபோய்க் காட்ட ஆளில்லை.